மிதிவண்டியில் வருபவரால் மலைக்கிராமத்துக்குத் தொந்தரவே இல்லையா?

மார்ச் 3, காலை (வாசகர் ஒருவர் எழுதியது)

காரிலும் பேருந்திலும் கூட்டமாக வருபவர்களைவிட மிதிவண்டியில் தனியாக வருபவரால் மலைக்கிராமத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்பது என் கருத்து. புகை இல்லை, இரைச்சல் இல்லை, வண்டி நிறுத்த இடம் கூடத் தேவையில்லை. ஆகவே கூடாரம், அடுப்பு போன்ற பாரங்களை விட்டுவிட்டு, வழியில் உள்ள கிராமங்களை நம்பியே ஏறிவிடலாம் என்று நினைக்கிறேன். ஐந்து கிலோ குறையும். யாராவது மறுப்பீர்களா?

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன். புகையும் இரைச்சலும் இல்லை என்பது சரி. தொந்தரவு இல்லை என்பது சரியன்று. காரில் வருபவர் தண்ணீர், உணவு, போர்வை எல்லாவற்றையும் உடன் கொண்டுவருகிறார். சற்று நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார். மிதிவண்டியில் வருபவரோ நாள் முழுதும் ஏறிக் களைத்து, பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில், பசியோடும் வியர்வையில் நனைந்து குளிர்ந்துபோன உடையோடும் ஊர் எல்லையை அடைகிறார். அந்த நேரத்தில் அவரால் திரும்பவும் முடியாது, அடுத்த ஊருக்குப் போகவும் முடியாது. அப்படி வாசலில் நிற்பவரைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர்களால் மறுக்க முடியாது என்பதாலேயே, கேட்காமல் இருப்பதற்கு வழி தேடிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு ஆகிறது.

மார்ச் 4

எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று கேட்கப்பட்டிருக்கிறது.

ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு சிற்றூரில், சாலையில் மண் சரிந்து வழி அடைபட்டதால் சில நாள் தங்க நேர்ந்தது. அந்த நாட்களில் ஒரு மாலை, எதிர்ப்பக்கத்துக் கணவாயிலிருந்து மிதிவண்டியில் இருவர் வந்து சேர்ந்தார்கள். அதுவரை நான் எப்போதும் வந்து சேர்பவனாகவே இருந்திருக்கிறேன். ஒருவர் வந்து சேர்வதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தது அன்றுதான். ஊருக்குத் தண்ணீர் என்பது ஊற்றிலிருந்து இழுத்துவந்த ரப்பர்க் குழாயில் சுண்டுவிரல் பருமனில் விழுவது மட்டுமே. ஒரு கேன் நிரம்புவதற்குள் காத்திருப்பவரின் கை குளிரில் விறைத்துவிடும். அன்றைய தேவைக்குப் பிடித்து வைத்தாகிவிட்டது, இரவு அடுப்பும் அணைந்துவிட்டது. இவர்கள் வந்ததும் வீட்டின் மூத்த பெண் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி ஊற்றுக்குப் போனாள். அவளுடைய தாய், சுவரோரம் கோடை முழுதும் சேர்த்து அடுக்கியிருந்த வறட்டியிலிருந்தும் சுள்ளியிலிருந்தும் எடுத்து அடுப்பை மீண்டும் மூட்டினார். உள்ளறையிலிருந்து இரண்டு மெத்தைப் போர்வைகள் வெளியே வந்தன. அவை அதுவரை குழந்தைகள்மேல் கிடந்தவை. வந்த இருவரும் மிக நல்லவர்கள், பண்பாகப் பேசியவர்கள். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கிவிட்டதால் இதில் எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

அடுப்பைப் பற்றி இன்னும் ஒன்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் நீர் முன்கூட்டியே கொதித்துவிடும். 3,500 மீட்டரில் ஏறக்குறைய 88 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் மூடாத பானையில் வெப்பம் ஏறாது என்பதால், தானியமும் பருப்பும் வேக நெடுநேரம் பிடிக்கும். மரமே முளைக்காத உயரத்தில் அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் யாரோ முதுகில் சுமந்து வந்த எரிபொருள்தான்.

மார்ச் 5

பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததே என்பவருக்கு: பணம் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதுவும் கேட்கக் காத்திராமல், வீட்டுப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் மலையில் அன்றிரவு தீர்ந்த விறகைப் பணம் அன்றிரவு கொண்டுவராது. சாலை மூடியிருக்கும் காலத்தில் மறுவாரமும் கொண்டுவராது. தங்குவோருக்கென்றே அறை ஒதுக்கி வைத்திருக்கும் வீடுகள் உள்ள ஊர் வேறு. அங்கே விருந்தினர் வருகை எதிர்பார்த்ததே, அதற்கேற்ப விறகும் மளிகையும் சேர்த்து வைத்திருப்பார்கள். நான் பேசுவது அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாத ஊர்களைப் பற்றி.

மார்ச் 6

குறைக்கப் போவதாகச் சொன்ன ஐந்து கிலோவுக்கு வருகிறேன். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 15, சுமை 20, ஆக மொத்தம் 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு 15 கிலோமீட்டர். அதற்குள் 900 மீட்டர் ஏற வேண்டும், அதாவது சராசரியாக நூற்றுக்கு ஆறு ஏற்றம். எடையை உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 926 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். கரடுமுரடான பாதையில் டயர் உருளும் உராய்வுக்கு ஒரு 180 சேர்த்தால் மொத்தம் 1,100 சொச்சம். நெடும்பயணத்தில் நாள்தோறும் தாங்கக்கூடிய வேகத்தில் மிதித்து, சராசரியாக 100 வாட் கொடுக்கிறோம் என்றால், நிற்காமல் மிதித்தே மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இப்போது ஐந்து கிலோவைக் கழித்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். மிச்சமாவது ஒன்பது நிமிடம்.

கூடாரமும் அடுப்பும் ஒரு நாள் உணவும் சேர்ந்த அந்த ஐந்து கிலோ, ஊரார் கதவைத் தட்டாமலேயே ஓர் இரவைக் கழிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. ஒன்பது நிமிடத்துக்காக அதைக் கீழே வைத்துவிட்டுப் போவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பாரம் குறைய வேண்டும் என்றால் முழங்காலுக்குக் குறையட்டும், அதாவது கியரில் குறையட்டும். மேலே சொன்ன ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் கீழேதான் இருக்கும். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பல்சக்கரத்தில் 28 பல் கொண்ட வண்டியில் ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகர்கிறது. ஆகவே நிமிடத்துக்கு முப்பது சுற்றுதான் வரும், ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிடித்து இழுக்கும். முன்பக்கம் 26, பின்பக்கம் 36 என்று மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் நிதானமாகச் சுற்றலாம். மலையேறும் வண்டியில் செலவழிப்பதற்குச் சரியான இடம் இதுவே.

மார்ச் 7

மேற்கண்ட கணக்கு சமவெளிக் காற்றுக்கு உரியது. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் பாதி. அதே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. மூன்று மணி நேரம் என்று வருவதை ஐந்து என்றும், பாதை பழுதாக இருந்தால் ஆறு என்றும் எடுத்துக்கொண்டு திட்டமிடுவதே என் வழக்கம். அந்தியில் வாசலில் போய் நிற்க நேர்வது பெரும்பாலும் இந்த ஒரு கணக்கைப் போடாததால்தான்.

மார்ச் 9

உணவைப் பற்றிக் கேட்டவருக்கு. பிரான்சின் சாந்த் எத்தியேன் நகரைச் சேர்ந்த பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரால் மிதிவண்டி உலகம் முழுதும் அறியப்பட்டவர், 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். பசி எடுப்பதற்கு முன்பே உண்ண வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும் என்பது அவர் நெடும்பயணிகளுக்கு வகுத்துத் தந்த நெறிகளில் ஒன்று. அதை உடல்நல அறிவுரையாக மட்டுமே பலரும் படிக்கிறார்கள். மலைக்கிராமத்தைப் பொறுத்தவரை அதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. வழியிலேயே சாப்பிட்டு முடித்தவர் ஊருக்குள் பசியைக் கொண்டுபோவதில்லை. கடைசி ஏற்றத்துக்குக் கீழே, ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே நின்று, கையில் இருப்பதைச் சாப்பிட்டு, உலர்ந்த சட்டையை மாற்றிக்கொண்டு, பிறகு ஏறுங்கள். அரை மணி நேரம் தாமதமாகும். ஆனால் ஊருக்குள் நுழைபவர் வேறு மனிதராக இருப்பார்.

பல வேகக் கியர்களுக்காக ஓயாமல் வாதாடியவரும் அவர்தான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவச் செய்யும் கியர் அமைப்பை தூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1937 வரை போட்டியாளர்களுக்கு அனுமதிக்கவில்லை. அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அத்தகைய கியர்களோடு மலையேறிக்கொண்டிருந்தார்.

மார்ச் 12

நேரத்தைப் பற்றி. பனியாற்றிலிருந்து வரும் ஓடைகள் விடியலில் ஒடுங்கியும் பிற்பகலில் பெருகியும் ஓடும், ஏனெனில் பகல் வெயிலில் உருகிய நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. காலையில் கணுக்கால் நனையக் கடக்கும் ஓடை மாலையில் தொடைவரை வந்து வண்டியை இழுக்கும். காற்றோ இதற்கு எதிராக நடந்துகொள்கிறது. பகலில் சரிவுகள் சூடேறுவதால் காற்று பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும், இரவில் கீழ்நோக்கித் திரும்பும். ஆகவே ஏறுபவருக்குப் பிற்பகல் காற்று முதுகில் கை கொடுக்கும், இறங்குபவருக்கு முகத்தில் அடிக்கும். ஓடை குறுக்கிட்டால் காலைக்கே முதலிடம். எப்படியானாலும் நண்பகலுக்குள் ஊரை அடைந்துவிடுங்கள்.

மார்ச் 13

நண்பகல் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். நண்பகலில் ஊரில் யாரும் இருப்பதில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருப்பது நியாயமானது. வேலை செய்ய முடிந்தவர்கள் எல்லாரும் வயலிலோ மேய்ச்சலிலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் நடக்க முடியாத முதியவர்களும் கைக்குழந்தைகளும். அந்த வேளையில் கதவைத் தட்டினால் ஒரு பாட்டி எழுந்து வர வேண்டியிருக்கும். வெளிச்சம் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்து, யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், குழாயடி போன்ற பொது இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பதே நல்லது. யாராவது தாமாக வந்து பேசுவார்கள். இடம் இல்லை என்று அவர்கள் சொன்னால், ஊரைத் தாண்டிப் போய்க் கூடாரம் அடிக்க அப்போது வெளிச்சம் இருக்கும். கூடாரம் அடிப்பதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள். வெறும் புல்வெளியாகத் தெரிவது குளிர்காலத் தீவனத்துக்காக வளர்த்துவரும் புல்லாக இருக்கலாம்.

மார்ச் 15

உயரத்தில் உறங்குவது பற்றி இதுவரை யாரும் கேட்காதது வியப்பாக இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல், ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பதும் மலை மருத்துவர்கள் தரும் பொது அறிவுரை. பகலில் எட்டும் உயரத்தைவிட இரவில் உறங்கும் உயரமே முக்கியம்.

கிராமங்களை மட்டும் நம்பிப் போகிறவரால் இந்த விதியைக் காக்க முடிவதில்லை. பாமிர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு நோக்கிப் போகும்போது கிர்கிஸ்தானின் சாரி-தாஷ் ஏறக்குறைய 3,170 மீட்டரில் இருக்கிறது. அடுத்த ஊரான தஜிகிஸ்தானின் கராகுல் ஏறக்குறைய 3,900 மீட்டர். இடையில் 4,200 மீட்டருக்கும் உயரமான கணவாய். ஊர் விட்டு ஊர் தாவினால் உறங்கும் உயரம் 700 மீட்டருக்கு மேல் கூடிவிடும். இடையில் ஓர் இரவு கழிக்க வேண்டுமானால் கூடாரம் வேண்டும். அதற்கும் அப்பால் அந்தச் சாலையின் உச்சியான அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். கராகுலில் தலைவலியும் வாந்தியுமாகப் போய்ச் சேர்ந்து, அதோடே அதையும் ஏறத் துணிவது உயிரோடு விளையாடுவது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. கூடிக்கொண்டே போனால் இருட்டானாலும் இறங்க வேண்டும். நினைவு தடுமாறும் நிலையில் ஒருவர் வந்து சேர்ந்தால், மருத்துவரும் வாகனமும் இல்லாத ஊர் அவரை என்ன செய்யும்? ஆட்களைத் திரட்டி இரவோடு இரவாகக் கீழே தூக்கிப் போகும். போர்வையையும் விறகையும்விட இது பெரிய கடன்.

மார்ச் 18

வரைபடத்தில் ஊர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஆளே இல்லை என்று எழுதியவருக்கு: பருவத்தைப் பார்த்தீர்களா? மலைகளில் பல ஊர்கள் கோடைக்கு மட்டும் உயிர்பெறுபவை. ஜார்ஜியாவின் துஷேத்திப் பகுதியில் 2,800 மீட்டருக்கு மேல் உள்ள அபானோ கணவாய் வழியாகப் போகும் சாலை ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான மக்கள் ஆட்டு மந்தைகளோடு சமவெளிக்கு இறங்கிவிடுகிறார்கள். பருவத்தின் இரு ஓரங்களிலும் போகிறவர்கள், ஊரில் எதுவும் கிடைக்காது என்றே எண்ணி உணவு எடுத்துச்செல்ல வேண்டும். அங்கே தங்கியிருக்கும் ஓரிருவரின் கையிருப்பு குளிர்காலத்துக்கு அளந்து வைத்தது.

மார்ச் 20

குழந்தைகளுக்கு என்ன எடுத்துப்போகலாம் என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்றும் வேண்டாம். மிட்டாயும் பேனாவும் கொடுத்துப் பழக்கிய ஊர்களில் அடுத்த மிதிவண்டியைக் கண்டதும் பிள்ளைகள் கை நீட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள், பெற்றோர் தலைகுனிகிறார்கள். கொடுப்பதற்கு வண்டியே இருக்கிறது. 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெருஞ்சக்கர மிதிவண்டியில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகச் சுற்றை முடித்த தாமஸ் ஸ்டீவன்சை, வழியெங்கும் கூட்டம் கூடி ஓட்டிக்காட்டச் சொன்னது. இன்றும் அப்படித்தான். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையில் கொடுத்தால் போதும். முன்பு சொன்ன ஊரில் ஒரு சிறுவன் நெடுநேரம் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தான்; செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும் அந்த நொடியைப் பிடிப்பதற்காக முகத்தைச் சக்கரத்துக்கு மிக அருகில் வைத்திருந்தான். அவனை அடுத்து அவனுடைய தாத்தா வந்து உட்கார்ந்தார். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் வேலை.

மார்ச் 22

மருந்து கேட்பார்கள். காயத்துக்குக் கட்டுத்துணி கொடுங்கள். மாத்திரை, குறிப்பாக ஆன்ட்டிபயாட்டிக், கொடுக்காதீர்கள்.

மார்ச் 23

கைப்பேசிக்கு மின்னேற்றுவதையும் நான் தவிர்த்துவிடுகிறேன். பல மலையூர்களில் ஒரு சிறு சூரியத் தகடுதான் வீட்டின் இரவு விளக்குக்கு ஆதாரம். முன்சக்கர அச்சில் பொருத்தும் டைனமோ 3 வாட் தரும். ஏற்றத்தில் நடை வேகத்தில் போகும்போது அதனால் பயனில்லை. இறக்கத்திலும் சமதளத்திலும் கைப்பேசிக்குப் போதுமானதைச் சேர்த்துவிடும்.

மார்ச் 27

இறக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மார்ச் 6 கணக்கில் 900 மீட்டர் ஏறச் செலவழித்த 926 கிலோஜூல், இறங்கும்போது எங்கோ போயாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். குண்டும் குழியுமான பாதையில் மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகத் தேங்கும். இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சுடவைக்கப் போதுமான வெப்பம் அது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கானால் கட்டை கருகிப் பிடிமானம் குறையும். தொடர்ந்து இலேசாகப் பிடித்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள். இடையிடையே நின்று ஆறவிடுங்கள்.

மார்ச் 20 குறிப்போடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இறங்கி வந்த வண்டியை ஊர் நடுவே நிறுத்தியதும் பிள்ளைகளின் கை முதலில் போவது பளபளக்கும் டிஸ்க்குக்கே. ஊருக்குச் சற்று முன்பே நின்று வண்டியை ஆறவிட்டு, பிறகு உள்ளே போங்கள்.

ஏப்ரல் 2

முதல் கேள்வியைக் கேட்டவர் கூடாரமும் அடுப்பும் எடுத்துப்போவதாக முடிவு செய்திருப்பது மகிழ்ச்சி. எந்த அடுப்பு என்று கேட்டிருக்கிறார். திருகி மாட்டும் வாயுக் குப்பி எளிது. ஆனால் அதில் இருப்பது சாதாரண பியூட்டேன் மட்டுமே என்றால், உறைநிலையை ஒட்டிய குளிரில் வாயு வெளியே வராது, ஏனெனில் அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி இன்னும் குளிரைத் தாங்கும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைவதை நினைவில் வைத்து, போகும் உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். நெடுந்தொலைவு போவதானால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஏற்கும் அழுத்த அடுப்பு நல்லது, ஏனெனில் வண்டி போகும் சாலை இருக்கும் வரை அதற்கு எரிபொருள் கிடைக்கும். ஓடைத் தண்ணீரைக் குடிப்பதற்குக் கொதிக்கவைக்கும்போது, 2,000 மீட்டருக்கு மேல் ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். எரிபொருளை அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்த அடுப்பின் முனையில் கரி அடைத்துக்கொள்வது வழக்கம். அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவதை, கையுறை போட்ட கையால் செய்ய வரும் வரை, புறப்படுவதற்கு முன்பே பழகிவிடுங்கள்.